தண்டு தெரியாத ஆண்டுகள்: செட்டிநாட்டில் பனை பார்த்த பயணம்

சனிக்கிழமை, கானாடுகாத்தான்

புதுக்கோட்டையிலிருந்து காரைக்குடிக்கு வரும் சாலையில் திருமயம் கோட்டையைத் தாண்டியதும் செம்மண்ணும் சரளையும் கூடிக்கொண்டே போகின்றன. வயல் குறைந்து, கருவேலங்காடும் வறண்ட கண்மாய்களும் மிகுகின்றன. அந்தக் கண்மாய்க் கரைகளில்தான் பனைகள் நிற்கின்றன. வளர்ந்து நிற்கும் பனையை அடையாளம் காணத் தமிழ்நாட்டில் யாருக்கும் பயிற்சி தேவையில்லை. கிளையில்லாத கருஞ்சாம்பல் நிறத் தண்டு, அடியில் வேர்த்திரளோடு பருத்த தூர், உச்சியில் இருபத்தைந்து முதல் நாற்பது வரையிலான விசிறி ஓலைகள் கூடி அமைக்கும் உருண்டை வடிவம் ஆகிய இவை ஓடும் பேருந்திலிருந்தே தெரியும். 1978இல் தமிழ்நாட்டின் மாநில மரமாக அறிவிக்கப்பட்ட மரத்துக்கு இந்த அளவு அறிமுகமாவது இருப்பது நியாயம்தான்.

நான் வந்திருப்பது வளர்ந்த பனையைப் பார்ப்பதற்காக அல்ல. பள்ளத்தூரில் தம் முன்னோர் கட்டிய வீட்டைப் பழுதுபார்த்துக்கொண்டிருக்கும் நண்பர் ஒருவர், பின்கட்டை ஒட்டிக் கிடக்கும் மனையில் பனை வளர்க்க விரும்புகிறார். அதற்காக வெளியூர் நாற்றுப்பண்ணை ஒன்றில் அவர் கன்று கேட்டிருக்கிறார். அவர்கள் அனுப்பிய படத்தைப் பார்த்ததும் அது பனையா என்ற ஐயம் எனக்கு எழுந்தது. விதைக்கும் பருவமும் இதுதான் என்பதால் ஆவணி முடிவதற்குள் புறப்பட்டு வந்துவிட்டேன்.

அந்த ஐயத்தைத் தீர்க்கக் கானாடுகாத்தானே போதுமானதாக இருந்தது. பெரிய வீடுகள் சில இங்கே தங்கும் விடுதிகளாகிவிட்டன. பர்மாத் தேக்கையும் ஆத்தங்குடிக் கல்லையும் கண்ணும் கருத்துமாகக் காப்பாற்றியவர்கள், தோட்டத்தை மட்டும் ஏதோ வெளிநாட்டுக் கடற்கரைபோல அமைத்திருக்கிறார்கள். ஒரு விடுதியின் முகப்பில் வெள்ளி பூசியதுபோல் வெளிறிய நீலநிறத்தில் விசிறி ஓலைகளோடு இரண்டு மரங்கள் நின்றன. விருந்தினர்கள் அவற்றைப் பனை என்று சொல்லிப் படமெடுத்துக்கொண்டார்கள். அவை மடகாஸ்கர் தீவைச் சேர்ந்த பிஸ்மார்க் பனைகள். பக்கத்தில் மெக்சிகோவின் வாஷிங்டோனியா பனைகள் வரிசையாக நின்றன. ஒன்றுக்கு ஜெர்மனியை ஆண்டவர் பெயர், மற்றொன்றுக்கு அமெரிக்க அதிபர் பெயர். செட்டிநாட்டு வாசலில் இருவரும் காவல் நிற்கிறார்கள்.

இவற்றை நம் பனையிலிருந்து பிரித்தறிய மட்டையைப் பார்த்தால் போதும். பனைமட்டையின் இரு விளிம்புகளிலும் கருக்கு உண்டு. அருகில் குனிந்து பார்த்தால், பற்கள் ஒரே அளவில் இல்லாமல், சிறிதும் பெரிதுமாகக் கறுத்துக் கெட்டியாக, பழைய ரம்பத்தைப் போல் ஒழுங்கற்று இருப்பது தெரியும். விரலை ஓட்டினால் தோல் கிழியும். பிஸ்மார்க் பனையின் மட்டையில் அத்தகைய கருக்கு இல்லை. வெண்மையான மெழுகுப் படலமும் பழுப்புச் செதில்களுமே உண்டு. வாஷிங்டோனியாவின் மட்டையில் பற்கள் உண்டு, ஆனால் அவை கொக்கியாக வளைந்த முட்கள். அதன் ஓலைப் பிளவுகளுக்கிடையே வெள்ளை நூலிழைகள் தொங்கும். நம் பனையோலையில் இழை தொங்குவதில்லை. அதன் பிளவுகள் நுனிவரை விறைப்பாக நிற்கும். வாஷிங்டோனியாவின் காய் பட்டாணி அளவுதான். பனம்பழத்தை ஒரு கையால் தூக்கினாலே அதன் கனம் தெரிந்துவிடும்.

நண்பருக்கு வந்த படத்தில் இருந்தது பிஸ்மார்க் கன்று. அழகான மரம்தான், அதன்மேல் எனக்குப் பகையில்லை. பனை என்ற பெயரில் விற்பதுதான் தவறு.

ஞாயிற்றுக்கிழமை, பள்ளத்தூர் அருகே ஒரு கண்மாய்க் கரை

காலை ஆறரை மணிக்கெல்லாம் கரையேறிவிட்டோம். வழிகாட்டியாக வந்த பெரியவர் இளமையில் பனையேறியவர். சாயல்குடிப் பக்கத்திலிருந்து பிழைப்புக்காக இங்கே வந்து தங்கியவர். இப்போது பதநீர்க் காலம் இல்லை, நுங்கும் முடிந்துவிட்டது. பழுத்து விழும் பருவம் இது. கரையோரம் முழுவதும் பனம்பழ வாசனை பரவியிருந்தது. பழம் வெடித்து மஞ்சள் நார் தெரிந்த இடங்களில் ஈக்களும் வண்டுகளும் மொய்த்தன.

முதலில் ஆண்பனையையும் பெண்பனையையும் பிரித்துக் காட்டச் சொன்னேன். பழம் இருக்கும்போது அது எளிது. பழம் இல்லாத மாதங்களில் பாளையைப் பார்க்க வேண்டும். ஆண்பனையின் பாளை கிளைத்து, விரல்கள்போல் நீண்ட பழுப்புநிற அலகுகளாகப் பிரியும். அலகுகளின் பொந்துகளிலிருந்து சிறு பூக்கள் எட்டிப்பார்க்கும். பெண்பனையின் பாளையில் பூக்களே உருண்டையாகச் சிறு காய்களைப்போல் இருக்கும். காய்ந்து விழுந்த அலகு ஒன்றைப் பெரியவர் எடுத்துக் காட்டினார். கார்த்திகைத் திருநாளில் பிள்ளைகள் தீப்பொறி பறக்கச் சுற்றும் மாவளிக்கு இந்தப் பனம்பூவைச் சுட்டுக் கரியாக்கித்தான் துணியில் கட்டுவார்கள். பூப்பதற்கு முன் ஆணா பெண்ணா என்று சொல்ல வெளிப்படையான அடையாளம் எதுவும் கிடையாது. விதையின் வடிவத்தை வைத்துச் சொல்லிவிடலாம் என்று சிலர் சொல்வதுண்டு. பெரியவர் அதைக் கேட்டுச் சிரித்தார்.

பிறகு நான் தேடி வந்த பகுதிக்கு வந்தோம். கரையின் உட்சரிவில், கோரையும் ஆவாரையும் மண்டிய இடத்தில், தரையோடு தரையாகப் பல வயதுப் பனைகள் இருந்தன. இவற்றை வடலி என்பார்கள். ஓலை ஆளுயரத்துக்கு எழும்பியிருந்தாலும் தண்டு என்று சொல்ல எதுவும் இருக்காது. அறியாதவர் கண்ணுக்கு அது புதர். இதைவிடச் சிறியவை புல்.

பனை ஏன் இத்தனை ஆண்டுகள் தண்டில்லாமல் கிடக்கிறது என்பதற்குக் காரணம் உண்டு. வேம்பும் புளியும் ஆண்டுதோறும் பக்கவாட்டில் பருக்கின்றன. அதற்கான திசு அடுக்கு அவற்றின் பட்டைக்குள் இருக்கிறது. பனை இனத்துக்கு அந்த அடுக்கு கிடையாது. பிற்பாடு பருக்க முடியாது என்பதால், உயரத் தொடங்குவதற்கு முன்பே தன் முழுச் சுற்றளவை அது மண்ணுக்குள் எட்டியாக வேண்டும். எனவே முதல் சில ஆண்டுகளில் வளர்ச்சி எல்லாம் தரைக்குக் கீழேயும் அகலவாட்டிலுமே நடக்கிறது; வெளியே ஓலையின் எண்ணிக்கையும் அகலமும் மட்டும் மெல்லக் கூடுகின்றன. அந்தக் கட்டம் முடிந்தபின் ஆண்டுக்கு ஏறத்தாழ ஓர் அடி வீதம் உயரும். பூக்கப் பன்னிரண்டு முதல் இருபது ஆண்டுகள் ஆகும். அதன்பின் மனிதரைவிட நீண்ட ஆயுள் அதற்கு உண்டு.

இந்தத் தண்டில்லாத ஆண்டுகளில்தான் பனைகள் அழிகின்றன என்பது என் எண்ணம். வெட்டப்படும் முதுபனையைப் பற்றிச் செய்தி வருகிறது. 2021இல் வெளியான தமிழ்நாட்டின் முதல் தனி வேளாண் நிதிநிலை அறிக்கையில், பனையை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி கட்டாயம் என்ற அறிவிப்பும் வந்தது. ஆனால் கரையை உயர்த்த வரும் பொக்லைன் இயந்திரம் சீமைக்கருவேலத்தோடு சேர்த்து வடலியையும் வாரிக்கொண்டு போகும்போது அங்கே மரம் வெட்டப்பட்டதாக யாரும் கருதுவதில்லை. பெரியவர் சொன்னது இதுதான்: "தம்பி, வடலிய வெட்டுறவனுக்கு அது பனைன்னே தெரியாது. தெரிஞ்சா மம்பட்டிய அப்படிப் போடமாட்டான்."

ஆகவே குட்டிப்பனையை எப்படி அறிவது என்பதில் காலைப் பொழுது முழுவதையும் செலவிட்டோம். முளைத்த முதலாண்டில் வருவது ஒற்றை இலை. அது விசிறியாக இருக்காது, பிளவில்லாத பட்டை. ஏறத்தாழ இரண்டு விரல் அகலத்தில், நீளவாட்டில் மடிப்புகளோடு, தொட்டால் காகிதத்தைப்போல் விறைப்பாக இருக்கும். கோரையும் புல்லும் கொத்தாக வரும். இது தனியாக நிற்கும். மெதுவாக இழுத்துப் பார்த்தால் புல் கையோடு வந்துவிடும், பனை அசைந்துகொடுக்காது. இன்னும் ஐயமிருந்தால் பக்கத்து மண்ணை விரலால் கிளறலாம். நார் சுற்றிய கருத்த கொட்டையின் ஓடு ஓரிரு அங்குல ஆழத்திலேயே கிடைக்கும். ஆனால் இலை அந்தக் கொட்டையிலிருந்து நேராகக் கிளம்புவதில்லை; அதன் அருகே, ஆழத்திலிருந்து எழும்புகிறது. அடுத்தடுத்த ஆண்டுகளில் வரும் இலைகள் நுனியில் பிளவுபட்டு, பிறகு விசிறியாகின்றன. மட்டை தோன்றியதும் கருக்கும் தோன்றிவிடும், அதன்பின் குழப்பத்துக்கு இடமில்லை.

சற்று வளர்ந்த வடலியில் இன்னோர் அடையாளம் உண்டு. உதிராமல் ஒட்டியிருக்கும் மட்டைகளின் அடிப்பகுதி, தண்டைப் பற்றும் இடத்தில் நடுவே பிளந்து, கவட்டைபோல் இரு கால்களாகப் பிரிந்திருக்கும். இந்தப் பிளவுகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி நிற்பதைப் பார்த்தால் பனைதான் என்று உறுதி செய்துகொள்ளலாம். இந்த இடுக்குகளில் அரசும் ஆலும் முளைத்துப் பனையை மெல்லச் சுற்றிக்கொள்வதும் உண்டு. இந்தக் கரையிலேயே ஆலின் பிடிக்குள் நிற்கும் ஒரு பனையைப் பார்த்தோம்.

திரும்பும்போது ஓலைகளுக்கு அடியிலிருந்து பனை உழவாரன் குருவிகள் விருட்டென்று வெளிப்பட்டன. தொங்கும் ஓலையின் அடிப்புறத்தில் எச்சிலால் இறகையும் பஞ்சையும் ஒட்டிக் கூடு கட்டும் இந்தப் பறவையின் பிழைப்பே விசிறிப்பனைகளை நம்பியது. காய்ந்த ஓலைகளை ஒட்ட வெட்டிச் சுத்தமாக வைத்திருக்கும் பனையில் இவற்றுக்கு இடமில்லை. தோட்டத்தில் பனை வைப்போர் காவோலையைக் கொஞ்சம் விட்டுவைக்கலாம்.

திங்கட்கிழமை, ஆத்தங்குடி வழி

இன்று வெயில் கடுமை, நடை குறைவு. ஆத்தங்குடிக்குப் போகும் வழியில் சரளைக் காட்டில் ஈச்சம்புதர்களைப் பார்த்தோம். ஈச்சையும் இந்த மண்ணுக்குரியதே, பனையின் உறவினமே. எனவே கன்றுப் பருவத்தில் குழப்பம் வரும். அதன் முதல் இலையும் பட்டையாகத்தான் வரும், ஆனால் மிகக் குறுகலாக இருக்கும். வளர்ந்த பின் இறகுபோல் இருபுறமும் இலைத்தாள்கள் பிரியும். ஒவ்வொரு தாளும் மேல்நோக்கித் திறந்த வாய்க்கால்போல் மடிந்திருக்கும். மட்டையின் அடியில் தாள்கள் ஊசிமுட்களாக மாறியிருக்கும். தென்னையில் தாளின் மடிப்பு நேர் எதிராக, கூரைபோல் கவிழ்ந்திருக்கும். இந்த ஒரு மடிப்பை வைத்தே ஈச்சையையும் தென்னையையும் கண்ணை மூடிக்கொண்டு விரலால் தடவிச் சொல்லிவிடலாம். ஈச்சமுள் குத்தினால் சீழ்வைக்கும் என்று உடன் வந்தவர் எச்சரித்ததால் நான் கண்ணைத் திறந்துகொண்டே தடவினேன்.

செவ்வாய்க்கிழமை, காரைக்குடி

பனையை வளர்ப்பவருக்கு ஓலையின் கணக்கும் தெரிய வேண்டும் என்பதற்காகக் கொட்டான் என்னும் ஓலைக்கூடையை முடையும் பெண்மணி ஒருவரைப் பார்க்கப் போனேன். எல்லோரும் அவரை ஆச்சி என்றே அழைக்கிறார்கள். செட்டிநாட்டுக் கொட்டானுக்குப் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. வழக்கொழியவிருந்த அந்தக் கைவேலையை எம்.ஆர்.எம்.ஆர்.எம். பண்பாட்டு அறக்கட்டளை மீண்டும் பயிற்றுவித்து நிலைநிறுத்தியது. திருமணச் சீர்வரிசையில் கொட்டானுக்கு இங்கே இடமுண்டு.

ஆச்சி கையாண்டது குருத்தோலை. விரியாத ஓலையை வெட்டி, வெயிலில் உலர்த்தி, ஈர்க்கை நீக்கி, ஒரே அகலத்தில் கிழித்து, சாயம் போட்ட கொதிநீரில் முக்கியெடுத்து, முடையும் நேரத்தில் மீண்டும் ஈரப்படுத்திக்கொள்கிறார். ஓலை உலர்ந்திருந்தால் மடிப்பில் முறிந்துவிடும், ஈரம் கூடினால் காய்ந்தபின் பின்னல் தளர்ந்துவிடும். அவர் விரல்நுனியால் ஓலையைச் சுண்டிப் பார்த்தே அந்தப் பதத்தை அறிகிறார்.

வளர்ப்போர் கவனிக்க வேண்டியது வேறொன்று. மாதத்துக்கு ஓர் ஓலை என்று பனைக்குச் சொல்வது வழக்கம்; குருத்தோ ஒரே இடத்திலிருந்து மட்டுமே வருகிறது. பனைக்குப் பக்கக்கிளை இல்லாததால் அந்த ஒரே நுனி அழிந்தால் மரமே போயிற்று. "குருத்த முழுக்க எடுக்கப்படாது ஐயா, ஒண்ணு எடுத்தா அடுத்தது நல்லா விரிஞ்சு வரட்டும்னு விட்டுறணும்" என்றார் ஆச்சி. கைக்கெட்டும் உயரத்தில் இருப்பதால் வடலியின் குருத்தையே பலரும் வெட்டுகிறார்கள் என்பதும் அவர் வருத்தம்.

புதன்கிழமை, பள்ளத்தூர்

இன்று விதைத்தோம். செட்டிநாட்டு வீடுகள் பல ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடிபவை. நண்பரின் வீடும் அப்படித்தான். பின்கட்டைத் தாண்டிய மனையில் பாதி செம்மண். மீதி, அரையடிக்குக் கீழே கடப்பாரை மோதினால் பொறி பறக்கும் செம்புராங்கல். பனை இரண்டிலும் வரும் என்றாலும், முளை இறங்க இடம் வேண்டும் என்பதால் செம்மண் பகுதியைத் தேர்ந்தோம்.

விதைகளைக் கண்மாய்க் கரையிலேயே பொறுக்கியிருந்தோம். தானாகப் பழுத்து விழுந்த, பூச்சி துளைக்காத பழங்கள். ஒரு பழத்தில் பெரும்பாலும் மூன்று கொட்டைகள். சதையை அழுகவிட்டு நீக்கிவிட்டால் எலியும் பன்றியும் தோண்டுவது குறையும். கொட்டையை நெடுநாள் வைத்திருக்கக் கூடாது, உலர்ந்தால் முளைப்பு கெடும்.

நண்பர் பையில் முளைக்கவைத்து, கன்றாக்கி, பிறகு அளந்து நட விரும்பினார். அதற்குப் பனை ஒத்துழைக்காது என்பதை விளக்க, பெரியவர் முன்பே புதைத்து வைத்திருந்த ஒரு கொட்டையைத் தோண்டிக் காட்டினோம். கொட்டையிலிருந்து வெண்ணிறக் குழாய் ஒன்று வெளிவந்து நேராகக் கீழே இறங்கியிருந்தது. பார்ப்பவர் அதை வேர் என்பார், அது வேரன்று. பனை தன் முளைக்கருவையே அந்தக் குழாயின் நுனியில் வைத்துக் கொட்டையைவிட்டு வெகு தூரம் கீழே அனுப்புகிறது, தளர்ந்த மண்ணில் அது ஒன்றரை அடிக்கும் கீழே போகும். அங்கே ஈரமுள்ள ஆழத்தில்தான் வேரும் குருத்தும் உருவாகின்றன. கொட்டைக்குள்ளே தவுன் எனப்படும் பஞ்சுபோன்ற பகுதி ஊதிப் பருத்து, பருப்பின் சத்தை உறிஞ்சி அந்தக் குழாய் வழியே கீழே அனுப்பிக்கொண்டிருக்கிறது. நாம் பொங்கலுக்கு அவித்துத் தின்னும் கிழங்கு, அப்படிக் கீழே இறங்கிய கன்று தனக்கென்று சேமித்த மாவுதான். கிழங்குக்காக வளர்ப்போர் தரைக்கு மேல் மண்ணை மேடாகக் குவித்துப் பாத்தி போடுவதும், எளிதில் பறிக்க வேண்டும் என்பதற்காகவே. பையில் வளரும்போது இந்த முளை அடியில் முட்டி வளைகிறது. பிறகு பிடுங்கி நடும்போது ஒடிகிறது. வறட்சியும் மேய்ச்சலும் தீயும் மிகுந்த நிலத்தில் தன் உயிர்நுனியை மண்ணுக்குள் ஒளித்துவைக்கும் மரத்தைப் பிடுங்கி இடம் மாற்றுவது அதன் பாதுகாப்பையே குலைப்பதாகும். நிற்க வேண்டிய இடத்திலேயே விதைப்பதுதான் முறை.

பத்தடிக்கு ஒன்றாகக் குழி எடுத்து, நாலங்குல ஆழத்தில் கொட்டையைப் படுக்கையாக வைத்து மூடினோம். முளைக்கும் பக்கம் எது என்று ஆராய்ந்து நேரம் செலவிட வேண்டியதில்லை, முளை எப்படியும் வளைந்து கீழ்நோக்கிப் போய்விடும். ஐப்பசி மழை வரும்வரை வாரம் ஒருமுறை நீர் விட்டால் போதும். முளை மண்ணுக்குள் இறங்க ஒன்றரை முதல் இரண்டு மாதம் ஆகும்; வெளியே இலை தெரிய அடுத்த ஆண்டு ஆகிவிடும். இதற்கிடையே ஒன்றுமே முளைக்கவில்லை என்று நினைத்து இடத்தைக் கொத்திவிடுவதே பெரும்பாலோர் செய்வது. ஒவ்வொரு குழியின் வடபுறமும் செம்புராங்கல் துண்டு ஒன்றை ஊன்றச் சொன்னேன். தோட்டவேலைக்கு வரும் இளைஞரைக் கண்மாய்க்கு அழைத்துப்போய், கோரைக்கு நடுவே நின்ற முதலாண்டுக் கன்றைத் தொட்டுப் பார்க்க வைத்தோம்.

இடம் தேர்வதில் நண்பருக்கும் எனக்கும் சிறு வாக்குவாதம் வந்தது. கார் நிறுத்துமிடத்துக்கு இருபுறமும் பனை வேண்டும் என்றார். பனையின் சல்லிவேர் சுவரைப் பிளக்காது என்பது சரி. ஆனால் ஒரு கிலோவுக்கும் மேலான பழம் முப்பதடி உயரத்திலிருந்து விழும்போது காரின் கூரை தாங்காது. காய்ந்த மட்டையும் கருக்கோடுதான் இறங்கும். நடைபாதை, மின்கம்பி, ஓட்டுக்கூரை ஆகிய மூன்றையும் விட்டு விலகி, மேற்கு எல்லையை ஒட்டி வரிசையாக விதைப்பது என்று முடிவாயிற்று. அங்கே பனைக்கு வேண்டிய முழு வெயிலும் கிடைக்கும், நிழலும் யாருக்கும் இடையூறாக விழாது. காலடியில் கோழிக்கொண்டை, துளசி, கற்றாழை என்று எதை வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம். முதல் நாலைந்து ஆண்டுகளுக்கு மூன்றடி வட்டத்தை மட்டும் காலியாக விட வேண்டும், ஆட்டையும் அண்டவிடக் கூடாது.

புறப்படும் நேரத்தில் நண்பரின் தாயார், வைத்ததில் எத்தனை பெண்பனை என்று கேட்டார். அவருக்கு நுங்கு வேண்டும். பாளை விடும்வரை சொல்ல முடியாது, பொதுவாகப் பாதிக்குப் பாதி அமையும் என்றேன். "அப்ப இன்னும் நாலு கொட்டை சேர்த்துப் போட்டு வையுங்க தம்பி" என்றார். பையில் மீதமிருந்தவற்றை வரிசையின் தெற்கு முனையில் இடைவெளி குறைத்து விதைத்துவிட்டோம். நெருக்கமாக வந்தால், தண்டு விடுவதற்கு முன் மெலிந்தவற்றை நீக்கிக்கொள்ளலாம்.